சம்லியின் நாடா நிலம்

எங்கள் ஊர் பாங் தாக்ரையில் ஆறடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதை அளப்பதற்காக உள்ளே இறங்கிய நில அளவைக்காரர் மழைக்காலம் முழுவதும் கழிந்த பிறகு தாடியும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்து, மறுபக்கத்து வேலி இன்னும் கண்ணிலேயே படவில்லை, டேப் போதாது என்று சொன்னார். பக்கத்து மனையின் மதில்மேல் ஏறி நின்று அளந்தால் ஆறடிதான். சந்தேகப்படுகிறவர்கள் இன்றைக்கும் வந்து குச்சி வைத்துப் பார்க்கலாம். நிலம் சம்லி என்ற பெண்ணுக்குச் சொந்தம். அது எப்படி அவள் கைக்கு வந்தது, ஏன் அதை விற்காமல் வைத்துக்கொண்டாள் என்று சொன்னாலே எங்கள் ஊர் எப்படி இப்படி நாறிப்போனது என்பதும் விளங்கிவிடும்.

சம்லியின் அப்பா சூனுக்கு ஆற்றுக்கு மேற்கே, கால்வாய்க் கரையில், துரியனும் மங்குஸ்தானும் பம்பளிமாஸும் நிற்கும் நீளமான தோட்டம் இருந்தது. வீடு கால்வாயைப் பார்த்து நின்றது. எல்லார் வீடும் அப்படித்தான். நூடுல்ஸ் விற்கிறவள் படகில் வந்தாள், தபால் படகில் வந்தது, காலையில் பிச்சை ஏற்க வரும் பிக்கு தானே துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கால்வாய் இன்னொன்றில் கலக்கும், அது மூன்றாவதில் போய் விழும். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் எந்த வீட்டுக்கும் நாலு வழி இருந்தது, மாமியார் வருவது தெரிந்தால் ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது. சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். கொசு இருந்தது, காலராவும் இருந்தது. ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர முடிந்தது. சூனுக்கு இரண்டே பெண்கள். எங்கள் பக்கத்தில் கடைக்குட்டிப் பெண்தான் பெற்றவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்வாள், அதனால் வீடும் அவளுக்கே. சூன் தோட்டத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, கால்வாய்ப் பக்கத்து முன்பாதியை வீட்டோடு சின்னவள் பிகுனுக்கும், பின்பாதியைப் பெரியவள் சம்லிக்கும் எழுதிவைத்தார். பின்பாதி என்றால் இடுப்பளவு சேறு, அட்டைப்பூச்சி, நாய் உயரத்துக்கு உடும்பு. எங்கள் ஊரில் ஒருவரை உடும்பே என்று திட்டிவிட்டால் அதற்குமேல் திட்ட ஒன்றும் மிச்சமில்லை. சம்லி அப்பாவின் காலில் விழுந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டாள், வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே அவள் ஒரு சண்டை போட்டிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும் என்பது என் கட்சி.

சூன் செத்த மறுவருடம் ஊர் புரண்டு படுத்தது. ஆற்றுவாயில் மதகு வைத்துக் கால்வாயை அடைத்தார்கள். தோட்டங்களுக்குப் பின்னால், யாரும் போகாத சதுப்பின் வழியாக, எட்டு வண்டி ஒரே நேரத்தில் போகிற நெடுஞ்சாலை போட்டார்கள். அதுவரை முன்பக்கம் என்று இருந்ததெல்லாம் பின்பக்கமாகவும், பின்பக்கம் முன்பக்கமாகவும் ஆயிற்று. முற்றத்தில் வைத்துக் கும்பிடுகிற குட்டி வீடு போன்ற சாமி மாடங்கள் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டன, கக்கூசுகள் வாசலுக்கு வந்துவிட்டன. கால்வாய்த் தண்ணீர் முதலில் பச்சையாகி, பிறகு கறுப்பாகி, கடைசியில் ஓடுவதையே விட்டுவிட்டது. பிகுனின் கணவன் புன்மா படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன். பழுதுபார்க்கப் படகே இல்லாமல், அந்தக் கறுப்புத் தண்ணீரின் ஆவியை மூச்சாக இழுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இழுப்பு வந்தது அப்போதுதான். சம்லியின் சேற்று நிலத்துக்கோ கார்களில் ஆள் வந்து இறங்கினார்கள். அவர்களில் வெள்ளை பூட்ஸ் போட்டு, கழுத்தில் தாயத்து தொங்க, கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தவன் பைரோத். மனை வியாபாரி. அவன் நிலம் முழுவதற்கும் விலை பேசி முடித்துவிட்டு, காசு வாங்காமல் ஒரு யோசனையும் கொடுத்தான்.

"அக்கா, எல்லாத்தையும் எனக்குக் குடுத்துடாதீங்க. உங்க தங்கச்சி வேலியை ஒட்டி ஆறடி மட்டும் உங்க பேர்லயே இருக்கட்டும்."

"ஆறடியை வெச்சுக்கிட்டு நான் என்ன, கீரையா போடறது?"

"கீரையா? அக்கா, நாளைக்கு அவங்க ரோட்டுக்கு வரணும்னா எது வழியா வருவாங்க? அந்த ஆறடியைத் தாண்டித்தானே? அப்ப நீங்க சொல்றதுதான் விலை. எங்க தொழில்ல எல்லாரும் பண்றதுதான். நாடா மாதிரி ஒரு துண்டை ஓரத்துல விட்டு வெச்சிருவோம். எதிர்த்தாப்புல இருக்கறவன் என்னைக்காவது ஒருநாள் வந்து காலைப் புடிப்பான்."

சம்லி சிரித்தாள். "வீடு அவளுக்கு, அட்டைப்பூச்சி எனக்குன்னு எங்கப்பா பிரிச்சாரு. அட்டைப்பூச்சிக்கு வந்த காலத்தைப் பாத்தீங்களா முதலாளி?" என்றாள். அவளுக்கு அன்றைக்கு ஆசை விலையின்மேல் இல்லை, தங்கை தன் வாசலில் வந்து கேட்டு நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் இருந்தது. காசாசையாவது கொஞ்சம் சுத்தமான ஆசை என்று எனக்குத் தோன்றும்.

பைரோத் சேற்றை மண் கொட்டி மூடி, அதன்மேல் வீட்டு வளாகம் ஒன்று கட்டி, அதற்கு வெனிஸ் நிலா என்று பெயர் வைத்தான். வெனிஸ் என்றால் தண்ணீரின்மேல் இருக்கிற ஊராம். தண்ணீரின்மேல் இருந்த ஊரை அடைத்துப் புதைத்துவிட்டு, வாசலில் ஒரு தொட்டி கட்டி, அதில் சிமெண்டுப் படகு ஒன்றை நிறுத்தி, அதற்கு விளக்கும் போட்டான். உள்ளே போக ஒரே ஒரு வாசல். அங்கே ஒரு காவலாளி, கார் என்றால் சல்யூட், நடந்து வந்தால் அடையாள அட்டை. வாசலிலிருந்து ஒரு தெரு உள்ளே போகும், அதிலிருந்து விரல்கள் பிரிவதுபோல் சந்துகள் பிரியும், ஒவ்வொரு சந்தும் ஒரு சுவரில் முட்டி நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மறுபடி வாசல்வரை வந்துதான் திரும்ப வேண்டும். வீடு வாங்கியவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. யாரும் நம் வீட்டைக் கடந்து போக மாட்டார்கள் பாருங்கள் என்று விருந்தாளிகளிடம் பெருமையடித்தார்கள். விருந்தாளிகளே பிறகு குறைந்துபோனார்கள். விற்ற விலையில் ஒரு பங்காகச் சம்லிக்குக் கடைசிச் சந்தின் கடைசி வீடு கிடைத்தது. அவளுடைய சமையல்கட்டுச் சுவர், அதன்பின் நாடா, அதன்பின் பிகுனின் செம்பருத்தி வேலி.

முதல் இரண்டு வருடம் அந்த நாடா நாடாவாகத்தான் இருந்தது. சம்லி சுவரருகே ஸ்டூல் போட்டு ஏறிப் புளிக்குழம்புக் கிண்ணத்தை நீட்டுவாள், பிகுன் வேலியில் சாய்ந்து கையை நீட்டி வாங்குவாள், மறுநாள் அதே கிண்ணத்தில் மிளகாய்த் துவையல் வரும். இருவரும் கிண்ணத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை என்றாலும் கிண்ணம் போய் வந்தது. இதற்குள் கால்வாயோரம் பிகுன் நடந்து போய்க்கொண்டிருந்த பலகைப் பாதையை, பக்கத்துத் தோட்டங்களை வாங்கியவர்கள் ஆளாளுக்கு ஒரு மதில் வைத்து நெருக்கினார்கள். கடைசியில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்கலாம் என்று ஆயிற்று. அப்படி நண்டுபோல் நடந்து கோயில்வரை போய், நடைபாலம் ஏறி இறங்கி, அடுத்த பேட்டையின் சந்தைக் கடந்து, நெடுஞ்சாலைக்கு வந்து, மேம்பாலத்துக்கு அடியில் யூ-டர்ன் எடுக்கிற பேருந்தைப் பிடித்தால்தான் வெனிஸ் நிலாவின் வாசல். கை நீட்டினால் தொடுகிற அக்கா வீட்டுக்கு முறைப்படி போக அரை நாள். புன்மாவுக்கு இழுப்பு அதிகமானபோது பிகுன் ஸ்டூல் நேரத்தில் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, வேலியில ஒரு படல் வெச்சுக்கறேன். உன் சுவத்துல ஒரு கதவு வெச்சா போதும். இவருக்கு இழுத்துக்கிட்டா வண்டி உன் வீட்டுவரைக்கும் வருமில்ல?"

"வெச்சுக்கோ. யார் வேணாங்கறா? ஆனா சும்மா குடுக்கறதுக்கு இது அப்பா வீடு இல்ல."

"என்ன வேணும்?"

சம்லி பைரோத் சொல்லிக்கொடுத்தபடி தானே ஒரு விலையைச் சொன்னாள். பிகுன் வீட்டையே விற்றாலும் அதில் பாதி தேறாது.

"தங்கச்சிக்கே விலையா அக்கா?"

"வீட்டை உனக்கு எழுதினாங்களே, அப்ப நான் அக்கா இல்லையா?"

அன்று மாலை சம்லி கிண்ணத்தை நீட்டினாள், பிகுனும் பழக்க தோஷத்தில் கையை நீட்டினாள். விரல்கள் எட்டவில்லை. கிண்ணம் நாடாவுக்குள் விழுந்தது, விழுந்த சத்தம் கேட்கச் சற்று நேரமாயிற்று. அடுத்த வாரம் மூங்கில் கழியில் தூக்குச்சட்டியைக் கட்டி நீட்டிப் பார்த்தார்கள். மழை பிடித்தபோது கழியும் எட்டவில்லை. பிகுன் எறிந்த ஒரு பம்பளிமாஸ் பாதி வழியில் புல்லுக்குள் இறங்கியது. அடுத்த கோடையில் சம்லிக்குத் தங்கை பயறு அளவில் தெரிந்தாள். பேசுவது கேட்கவில்லை, வாயசைவது தெரியவில்லை. பிகுன் வழி கேட்டு வழக்குப் போட்டாள். ரோடு இல்லாத மனைக்காரருக்குப் பக்கத்து மனைக்காரர் வழிவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வழி எது குறைந்த தூரமோ அது என்றும் இருக்கிறது. அளவைக்காரர் உள்ளே போய்த் தாடியோடு திரும்பியது இதற்காகத்தான். அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால், பிகுன் ரோட்டுக்கு வரக் கோயில் வழியாகச் சுற்றுவதுதான் குறைந்த தூரம், நாடா வழியாக வருவது மிக அதிகம் என்று தீர்ப்பு வந்தது. சட்டப்படி சரியான தீர்ப்பு. எங்களில் யாரும் அதில் குறை சொல்லவில்லை.

சொல்லாதது மட்டுமா, எல்லோரும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். தெரு போட்ட ஒவ்வொருவனும் அதன் நுனியில் ஒரு நாடாவை விட்டுவைத்தான். டாக்டர் விட்டார், பள்ளிக்கூட முதலாளி விட்டார், கோயில் கமிட்டியும் விட்டது. ஒவ்வொரு நாடாவும் விலை சொல்லப்பட்ட மாலையிலிருந்து உள்ளுக்குள் விரிய ஆரம்பித்தது. தெருக்கள் ஒன்றையொன்று கண்டால் அசிங்கத்தைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டன; எதிரெதிராக வந்த இரண்டு சந்துகள் ஒரே இரவில் பின்வாங்கிப்போனதைப் பால்காரன் பார்த்திருக்கிறான். வரைபடத்தில் ஊர் அதே அளவுதான். ஆனால் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போகக் காலையில் கிளம்பியவர்கள் மதியச் சோற்றையும் கட்டிக்கொண்டு போனார்கள், பிறகு ராத்திரிச் சோற்றையும். கல்யாணங்கள் ஒரே சந்துக்குள் நடக்க ஆரம்பித்தன. சந்துகளின் நுனியில் தண்ணீர் தேங்கியது, வெளியே போக வழியில்லாமல் வாசனைகளும் தேங்கின. மூன்று வருடத்துக்கு முன் பொரித்த மீனின் வாடை இன்னும் எங்கள் சந்தில் இருக்கிறது, தும்மல் வருகிறது. ஜனங்கள் குப்பையைச் சுவருக்கு மேலே தூக்கி நாடாவுக்குள் எறிந்தார்கள். மெத்தை, டயர், குழந்தைகளின் மூத்திரத் துணி, பழசான சாமி மாடங்கள். சாமி மாடத்தைக் குப்பையில் போட்டால் பாவம் என்று, கும்பிட்டுவிட்டு எறிந்தார்கள். இதைச் செய்தவர்கள் யாரோ இல்லை, என்னோடு உட்கார்ந்து காபி குடிக்கிறவர்கள்.

புன்மா குளிர்காலத்தில் ஒரு முற்பகலில் மூச்சுக்குத் திணறி விழுந்தான். பிகுன் முதலில் செம்பருத்தி வேலிக்கு ஓடினாள். நாடாவைப் பார்த்துக் கத்தினாள், தொண்டை கட்டும்வரை கத்தினாள். எதிரே கடுகளவு சுவர் அசையவில்லை. பிறகு பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு, பலகைப் பாதையில் பக்கவாட்டில் நடந்தார்கள். நாற்காலி இரண்டு மதில்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அதன் ஒரு காலை உடைத்து எடுத்துக்கொண்டு மேலே போனார்கள். நடைபாலத்தின் அடியில் உயிர் போயிற்று. பிணம் எரிக்கிற கோயில் அங்கேயே இருந்ததால் அதற்கப்பால் தூக்கிப்போக வேண்டியிருக்கவில்லை.

சம்லிக்குச் செய்தி ரோடு வழியாக மறுநாள் வந்தது. மூன்று வண்டி மாறி அவள் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டுக் குழாயில் புகை மெலிந்திருந்தது. பிகுன் அவளைப் பார்க்கவில்லை. கொடுத்த மாலையை வாங்கவில்லை. சம்லி திரும்பி வந்து வளாகத்தில் ஒருவர் விடாமல் சொன்னாள். காவலாளியிடம் சொன்னாள், பப்பாளி சாலட் இடிக்கிறவளிடம் சொன்னாள், முடிவெட்டுகிற கடையில் பாதி வெட்டிய தலையோடு சொன்னாள்.

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நான் கதவைத் திறந்திருக்க மாட்டேனா? சுவத்தையே இடிச்சிருப்பேன். அவ கூப்பிடல. புருஷன் செத்தாலும் பரவால்ல, அக்காகிட்ட வாயைத் திறக்க மாட்டேன்னு இருந்தா பாருங்க. அவ்ளோ திமிர்."

கேட்டவர்கள் ஆமாம் போட்டார்கள். ஆமாம் போடுவதற்கு என்ன செலவு.

ஐந்து மாதம் கழித்து, புதுவருடத் தண்ணீர் விளையாட்டெல்லாம் முடிந்து வெயில் கொளுத்திய ஒரு முற்பகலில், சம்லி சமையல்கட்டில் கானாங்கெளுத்தி பொரித்துக்கொண்டிருந்தபோது சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்து சேர்ந்தது. "அக்கா! கதவைத் திற! இவருக்கு மூச்சு வரல! அக்கா, நீ கேட்டதைக் குடுக்கறேன், வீட்டை எழுதித் தரேன், திற அக்கா! நான் கூப்பிடறது கேக்குதா? அக்கா!" புன்மா விழுந்த அன்று பிகுன் முற்பகல் முழுவதும் கத்தியிருந்தாள், அதனால் முற்பகல் முழுவதும் அது வந்துகொண்டே இருந்தது. தொண்டை கட்டிக்கொண்டு கரகரத்து, காற்றாகி, அக்கா என்ற வார்த்தையில் முதல் எழுத்து மட்டும் வருகிற இடம் வரைக்கும் வந்தது. வளாகம் முழுவதற்கும் கேட்டது. பக்கத்து வீடுகளில் ஜன்னலைச் சாத்தி டிவியைச் சத்தமாக வைத்தார்கள். சம்லி கரண்டியோடு நின்றாள். சட்டியில் மீன் கரிந்து, எண்ணெய் தீப்பிடித்து, தானாகவே அணைந்தது. குரல் ஓய்ந்ததும் அவள் வெளியே வந்து, காவலாளியின் கூண்டிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், தன் சமையல்கட்டுச் சுவரைத் தானே இடித்தாள். காவலாளி பின்னாலேயே ஓடினான்.

"அக்கா, சுவத்தை இடிக்க வளாகக் கமிட்டி அனுமதி வேணும்!"

"கமிட்டியை என் பின்னால வரச் சொல்லு."

உடுத்தியிருந்த பழைய பூப்போட்ட கைலியோடும் கால் செருப்போடும் ஓட்டை வழியாக நாடாவுக்குள் இறங்கிப் போனாள். கமிட்டி மறுநாளே ஓட்டையை அடைத்துப் பூசி, பக்கத்து வீட்டு வண்ணத்துக்குப் பொருத்தமாகச் சாயமும் அடித்து, செலவைச் சம்லியின் பேரில் எழுதிவைத்தது.

அவள் உள்ளே பட்டதைப் பிறகு அதிகம் சொல்லவில்லை. முதல் சில மாதங்கள் தான் எறிந்த குப்பையைத் தாண்டவே போயின என்றாள். ஒவ்வொன்றும் அடையாளம் தெரிந்ததாம்: இந்தக் கிண்ணம், இந்த மெத்தை. அதற்கப்புறம் மற்றவர்கள் எறிந்தது. உடைந்த சாமி மாடங்கள் தெருத்தெருவாக நின்றன, அவற்றின் வாசலில் உடும்புகள் படுத்திருந்தன, அவள் வழிகேட்டபோது அவை நகர்ந்தன. எறிந்த கொட்டைகள் முளைத்து மரமாகியிருந்தன. துரியன் தின்றாள், சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தாள். செருப்பு இரண்டாம் வருடம் தேய்ந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால் தன் வீட்டுச் சுவரும் முன்னால் பார்த்தால் தங்கை வீட்டு வேலியும் ஒரே அளவில், எள் அளவில், தெரிந்த காலம்தான் கொடுமை என்றாள்.

பிகுன் வேலிக்கு மறுபக்கம் ஒரு புள்ளி நகர்வதை ஒருநாள் துணி காயப்போடும்போது பார்த்தாள். இடதுகையை மட்டும் வீசி நடக்கிற நடையைக் கொண்டு ஆளைக் கண்டுகொண்டாள். வேலிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைக் கறுப்புக் கால்வாயைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். ஆனால் துணி காயப்போடுகிற கொடியை மட்டும் அவள் இடம் மாற்றவில்லை. நாங்கள் பார்க்கும்போது கேட்போம், எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று. மிளகு அளவு, என்பாள் பிகுன். அடுத்த வருடம், பயறு. ஊரில் அது தேங்காய் விலை கேட்பது மாதிரி ஆயிற்று.

இதற்குள் பைரோத்துக்கு விஷயம் எட்டிவிட்டது. ஆறடிக்குள் பல ஆயிரம் வீடுகள் கட்டலாம் என்றால் அவனுக்குத் தூக்கம் வருமா? நிலம் சம்லி பேரில் இருந்தது, சம்லி நிலத்துக்குள் இருந்தாள். பத்திரத்தோடு மோட்டார் சைக்கிளில் நாடாவுக்குள் ஆள் அனுப்பினான். அவர்கள் பெட்ரோல் தீர்ந்த இடத்தில் குடிசை போட்டுக் கோழி வளர்க்கிறார்கள் என்று பின்னால் தெரியவந்தது. அதனால் அவனே நடைபாலம் ஏறி, பலகைப் பாதையில் வெள்ளை பூட்ஸைக் கறுப்பாக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து பிகுன் வீட்டுக்கு வந்தான். கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தான். உட்கார்ந்தான்.

"அம்மா, உங்க வேலி ஓரத்துல நான் ஒரு சுவர் எழுப்பிக்கறேன். என் செலவு. நல்ல உயரமா. அவங்களுக்கு இந்தப் பக்கம் ஏற வழி இல்லைன்னா திரும்பித்தானே ஆகணும்? திரும்பினா என் வாசல்ல பத்திரத்துல கையெழுத்துப் போட்டுத்தான் வெளிய வரணும்."

"எனக்கு என்ன?"

"ரோடு. மேற்கால என்னோட இன்னொரு மனை இருக்கு. அதுலேர்ந்து உங்க வாசப்படிவரைக்கும் தார் ரோடு. கார் வந்து நிக்கும், ஆம்புலன்ஸ் வந்து நிக்கும். எழுதியே தரேன். இத்தனை வருஷம் உங்களை அடைச்சு வெச்சவளுக்கு ஒரு சுவர் வெக்கறதுல என்ன பாவம்?"

பிகுன் வாழ்க்கையில் கேட்டது ஒன்றே ஒன்று, அது ரோடு. அது தட்டில் வைத்து வந்திருக்கிறது, பழி தீர்ப்பதும் அதோடு கூடவே வருகிறது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. அன்றைக்கு அங்கே இருந்த எங்களில் பாதிப்பேர் அவள் தலையாட்டிவிடுவாள் என்று நினைத்தோம், நானும் நினைத்தேன். அவள் எழுந்து போய் வேலியருகே நின்று பார்த்தாள். அக்கா அப்போது பாக்கு அளவு வந்திருந்தாள். செருப்பில்லாமல் நொண்டி நடப்பது தெரிந்தது.

"சுவர் வேணாம்," என்றாள் பிகுன்.

"ஏன்மா? அவ உங்க புருஷனைக் கொன்னவ இல்லையா?"

"ஆமா, கொன்னவதான். அவளை நான் செருப்பால அடிக்கணும். நீ சுவர் வெச்சா எப்படிடா அடிக்கிறது? எழுந்திரு. நாற்காலியைத் தொடச்சியே, அது என் புருஷன் உட்கார்ந்த நாற்காலி. அதுல அழுக்கு எதுவும் இல்ல, இப்பத்தான் ஒட்டியிருக்கு."

பைரோத் பக்கவாட்டில் நடந்து போனான். போகிற வழியில் கோயில் கமிட்டியோடு வேறு ஒரு நாடாவுக்கு விலை பேசிவிட்டுப் போனதாகக் கேள்வி. அந்த ஜாதிக்கு வெட்கம் என்ற உறுப்பே கிடையாது.

சம்லி வந்து சேர்ந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, மத்தியான வெயிலில். நாங்கள் பலர் பார்க்க வந்திருந்தோம். ஐஸ் விற்கிறவனும் வந்திருந்தான். தலை முழுக்க நரைத்து, கைலி கந்தலாகி, கால் இரண்டும் சேறு காய்ந்து வெடித்து, செம்பருத்தி வேலியைக் கையால் விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆறடி நிலத்தைக் கடந்து வந்தவள் என்று பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். பிகுன் நாற்காலியிலிருந்து எழுந்தாள். குனிந்து வலதுகால் செருப்பைக் கழற்றினாள். எங்கள் ஊரில் தம்பி தங்கை மூத்தவர் தலைக்கு நேராகக் கையைக் கூட நீட்ட மாட்டார்கள். அவள் அக்காவின் கன்னத்தில் செருப்பால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். சம்லி கன்னத்தைப் பிடிக்கவில்லை. அப்படியே நின்றாள், இன்னொன்றுக்கும் நிற்பதுபோல. பிகுனின் கை மறுபடி எழும்பி, பாதியில் நின்றது. அதற்குமேல் அவளால் முடியவில்லை, வாய்விட்டு அழுதுவிட்டாள்.

"கூப்பிட்டா வர்றதுக்கு இவ்ளோ நேரமா?" என்றாள்.

சம்லியினுடையது பல வருடமாக யாரோடும் பேசாத குரல்.

"குறுக்கால என் நிலம் கிடந்துச்சுடி," என்றாள்.

இருவரும் இப்போது கால்வாய்க்கரை வீட்டில்தான் இருக்கிறார்கள், பெரும்பாலும் கிண்ணத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். சம்லி நடந்த தடம் புல் எழும்பாமல் அப்படியே கிடந்தது. முதலில் நாய்கள் அதில் போய் வந்தன, பிறகு தபால்காரர், பிறகு நாங்கள். வெனிஸ் நிலாவின் கமிட்டி அந்தப் பக்கத்தில் நாங்கள் மறுபடி இடித்த சுவரை இரண்டு முறை அடைத்துப் பார்த்துவிட்டு, வேலைக்காரப் பெண்கள் வர வேறு வழியில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டது. பாங் தாக்ரையில் ஒரு தெருவை இன்னொரு தெருவோடு சேர்க்கிற வழி அது ஒன்றுதான். நிலம் சுருங்கவில்லை, உள்ளே இன்னும் அதே அகலம்தான், ஆனால் தடம் இறுகிவிட்டதால் மோட்டார் சைக்கிள் டாக்சியில் காலையில் ஏறினால் சாயங்காலம் மறுபக்கம் போய்விடலாம். நடுவழியில் கோழி வளர்க்கிறவர்கள் காபிக் கடை வைத்திருக்கிறார்கள், காபி சுமார். நெடுஞ்சாலை வழியாகச் சுற்றுவதைவிட இதுவே சீக்கிரம் என்று எல்லோரும் இதில்தான் போகிறோம்.